வீடு உங்களோடது, யாருக்கு வாடகைக்கு விடணும்னு அசோசியேஷன் சொல்லலாமா?

கேள்வி:

மேடம் வணக்கம். மடிப்பாக்கத்துல 24 வீடு இருக்கிற அப்பார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடில எங்களுக்கு ஒரு டபுள் பெட்ரூம் வீடு. என் பேர்லயும் வீட்டுக்காரர் பேர்லயும் வாங்கினது. அவர் தவறி ரெண்டு வருஷமாச்சு. இனிமே தனியா இருக்க வேணாம்னு ஒரே பொண்ணு கோயமுத்தூருக்கு கூப்பிடுறா. வீட்ட பூட்டி போட மனசில்ல, வாடகை வந்தா என் கைச்செலவுக்கும் ஆகும். பெருங்குடி பக்கம் ஆஸ்பத்திரில வேலை பாக்குற மூணு நர்ஸ் பொண்ணுங்க வந்து பாத்துட்டு 22,000 வாடகைக்கு சரின்னு சொல்லிட்டாங்க. ஆனா செக்ரட்டரி, பேமிலிக்குதான் விடணும், அசோசியேஷன் என்ஓசி (ஆட்சேபனை இல்லங்கற லெட்டர்) இல்லாம சாமான் உள்ள வரக்கூடாது, ஷிப்டிங் சார்ஜ் 5,000, டெனன்ட் இருந்தா மெயின்டனன்ஸ் மாசம் 500 கூட, நான்வெஜ் சமைக்க கூடாது, கார் பார்க்கிங் டெனன்ட்டுக்கு கெடையாதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டார். எதிர் வீட்டு சார் 11 மாசத்துக்கு அக்ரிமென்ட் போட்டா எங்கயும் ரிஜிஸ்டர் பண்ண வேணாம்னு சொல்றார். பதினாறு வருஷம் இருந்த எடத்துல கெட்ட பேர் எடுக்காம போகணும்னு நினைக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அம்மா, உங்க லெட்டர்ல கடைசி வரிதான் எனக்கு ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு. கெட்ட பேர் எடுக்காமலே இத செய்ய முடியும். அதுக்கு ரெண்டு விஷயத்த மனசுல வெச்சுக்கோங்க: வீட்ட யாருக்கு விடுறதுங்கறது உங்க உரிமை, ஆனா வீட்ட விட்டுட்டு கோயமுத்தூர் போயிட்டாலும் அந்த பில்டிங்குக்கு பொறுப்பு நீங்கதான். நம்ம ஊர்ல வர்ற சண்டைல பாதி, அசோசியேஷன் முதல் விஷயத்த மறந்துடுறதால வருது, மீதி பாதி ஓனருங்க ரெண்டாவது விஷயத்த மறந்துடுறதால வருது.

செக்ரட்டரி சொன்னதுக்கு போறதுக்கு முன்னாடி நீங்க கேக்காத ஒண்ண சொல்லிடுறேன், ஏன்னா அதுதான் மொதல்ல பாக்க வேண்டியது. வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்குன்னு எழுதிருக்கீங்க. அவரோட பாதி தானா உங்க பேருக்கு வந்துடாது. உயில் எழுதாம போயிருந்தா அந்த பாதில உங்களுக்கும் பொண்ணுக்கும் பங்கு இருக்கு, நீங்க இந்து குடும்பம்னா, அவரோட அம்மா அவர் தவறினப்ப உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சர்டிபிகேட் வாங்கிட்டீங்களா, சொத்து வரி ரசீதுலயும் ஈபி கனெக்ஷன்லயும் பேர் மாத்தியாச்சான்னு பாத்துக்கோங்க. வாடகை அக்ரிமென்ட்ல நீங்க மட்டும் கையெழுத்து போடாம பொண்ணையும் ஓனரா சேத்து போடுங்க, இல்லன்னா அவகிட்ட ஒரு ஒப்புதல் கடிதமாவது வாங்கி வையுங்க. நாளைக்கு டெனன்ட் காலி பண்ணலன்னு கோர்ட்டுக்கு போற நெலம வந்தா, எதிர் தரப்பு மொதல்ல கேக்குறது "இவங்க மட்டுந்தான் ஓனரா?"ன்னுதான்.

இப்ப அசோசியேஷன். பீரோல இருக்கிற பத்திரத்த எடுத்து பாருங்க. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினதுன்னா அனேகமா யூடிஎஸ்க்கு, அதாவது மொத்த நெலத்துல பிரிக்காத உங்க பங்குக்கு, ஒரு சேல் டீடும், வீடு கட்டிக்குடுக்க பில்டரோட தனியா ஒரு அக்ரிமென்ட்டும் இருக்கும். நாலு செவுத்துக்குள்ள இருக்கிறது உங்களுக்கு மட்டும் சொந்தம். படிக்கட்டு, லிப்ட், மொட்ட மாடி, சம்ப், மோட்டார், கேட் இதெல்லாம் 24 பேருக்கும் சேந்து சொந்தம். அசோசியேஷன் வேலையே அந்த சேந்த பகுதிய பாத்துக்கறதுதான். தமிழ்நாட்டுல இதுக்குன்னு 1994லயே ஒரு அப்பார்ட்மென்ட் ஓனர்ஷிப் சட்டம் இருந்துச்சு, அத எடுத்துட்டு 2022ல புதுசா ஒண்ணு போட்டாங்க, அது 2024 மார்ச்லேர்ந்து அமல்ல இருக்கு. ரெண்டுலயுமே வீட்ட ஆண்டு அனுபவிக்கிற உரிமை ஓனருக்குதான், வாடகைக்கு விடுறதும் அதுல அடக்கம், ஆனா பைலாவுக்கு, அதாவது அசோசியேஷனோட விதிமுறைகளுக்கு, கட்டுப்பட்டு.

இந்த "பைலாவுக்கு கட்டுப்பட்டு"ங்கறதுலதான் எல்லா கொழப்பமும். பைலான்னா பதிவு பண்ணின பைலா. செக்ரட்டரி நைட் பதினோரு மணிக்கு குரூப்ல போடுற மெசேஜ் பைலா ஆகாது, நாலு கமிட்டி மெம்பர் சேந்து முடிவு பண்ணி நோட்டீஸ் போர்டுல ஒட்டுற பேப்பரும் ஆகாது. ஜெனரல் பாடிக்கு முறையா நோட்டீஸ் குடுத்து, தேவையான மெஜாரிட்டியோட தீர்மானம் போட்டு, அத பதிவுத்துறைல தாக்கல் பண்ணி பதிவானாதான் பைலா திருத்தம் செல்லும். நெறைய பழைய அசோசியேஷன் 1975 சொசைட்டீஸ் சட்டத்துல பதிவானதுதான், அங்கயும் இதே கததான். அதனால சண்டையே போடாம, "சார், பைலா காப்பி ஒண்ணு குடுங்க, அப்புறம் இந்த ரூல் பாஸ் ஆன ஜெனரல் பாடி மினிட்ஸும் வேணும்"னு ஒரு லெட்டரா எழுதி குடுத்து ஒப்புதல் வாங்குங்க. நான் பாத்த கேஸ்ல இந்த ஒரு லெட்டர் போனதுமே பாதி ரூல் காணாம போயிருக்கு.

பைலா கைக்கு வந்ததும் ஒவ்வொரு ரூலையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ஓனர் குடியிருந்தா இந்த ரூல் அவருக்கும் உண்டா? பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது, குப்பைய மக்குறது மக்காததுன்னு பிரிச்சு வைக்கணும், சாமான் ஏத்துறப்ப லிப்டுக்கு உள்ள அட்டை ஒட்டணும், கேட்ல என்ட்ரி போடணும், இதெல்லாம் ஓனருக்கும் டெனன்ட்டுக்கும் ஒண்ணுன்னா அது நியாயமான ரூல், ஒத்துக்கோங்க, டெனன்ட்டையும் ஒத்துக்க வையுங்க. டெனன்ட்டுக்கு மட்டும்னா அங்கதான் நின்னு கேக்கணும்.

பேமிலிக்கு மட்டும்னு சொல்றது இந்த கேள்வில நிக்காது. நாளைக்கு அதே பில்டிங்ல கல்யாணம் ஆகாத ஒரு பொண்ணு சொந்தமா வீடு வாங்கி குடிவந்தா செக்ரட்டரி தடுக்க முடியுமா? அப்ப உங்க வீட்டுல இருக்கப்போற பொண்ணுங்கள மட்டும் எந்த கணக்குல தடுக்கறது? நான்வெஜ்ஜும் அப்படித்தான், உங்க அடுப்புல என்ன கொதிக்கணும்னு சொல்ற அதிகாரம் சேந்த பகுதிய பாத்துக்கற அமைப்புக்கு இல்லங்கறதுதான் என் கருத்து. மீன் கழுவின தண்ணிய பொது டிரெய்ன்ல ஊத்தி அடச்சுக்கிச்சுன்னா கேக்கலாம், தாராளமா கேக்கலாம், அது வேற விஷயம். நைட் டியூட்டி முடிஞ்சு வர்ற நர்ஸுங்கள கேட் மூடிடுச்சுன்னு வெளில நிக்க வைக்கறதும் தப்பு. வாட்ச்மேன் திறந்துவிட்டு நோட்டுல டைம் எழுதிக்கட்டும்.

என்ஓசி பத்தி. வாடகைக்கு விடுறேன்னு அசோசியேஷனுக்கு எழுத்துல தெரியப்படுத்தறது உங்க கடமை, அதுல சந்தேகமே வேணாம். யார் இருக்காங்கன்னு தெரியாம ஒரு பில்டிங்க எப்படி பாத்துக்க முடியும்? ஆனா தெரியப்படுத்தறது வேற, அனுமதி கேக்கறது வேற. பாக்கி மெயின்டனன்ஸ் இல்லன்னு நோ டியூஸ் லெட்டர் கேட்டா அது ஞாயம், பாக்கி இருந்தா மொதல்ல கட்டிடுங்க. ஷிப்டிங்க்கு 5,000ங்கறதுல, லிப்ட்ல அடிபட்டா சரிபண்ண திருப்பித்தர்ற டெபாசிட்டா வாங்கினா, ஓனருங்க சாமான் மாத்தும்போதும் வாங்கினா சரி. திருப்பித்தராத பணம்னா ரசீது கேளுங்க, எந்த தீர்மானத்துல வந்துச்சுன்னு கேளுங்க.

மாசம் 500 கூட வாங்குறது எங்கேர்ந்து வந்திருக்கும்னா, மும்பைலேர்ந்து வர்ற பார்வேர்டுலேர்ந்துதான். மகாராஷ்டிரால கூட்டுறவு ஹவுசிங் சொசைட்டி முறை, அங்க ஓனர் இல்லாம வாடகைக்கு விட்டா 'நான்-ஆக்குபன்சி சார்ஜ்'னு, அதாவது ஓனர் குடியிருக்காததுக்கு வாங்குற பணம்னு ஒண்ணு உண்டு, அதையும் சர்வீஸ் சார்ஜ்ல 10 சதவீதத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு 2001ல அந்த அரசாங்கமே உச்சவரம்பு போட்டுச்சு. அது அந்த மாநில கூட்டுறவு சட்டத்துக்கு கீழ வந்தது, அத அப்படியே மடிப்பாக்கத்துக்கு தூக்கிட்டு வர முடியாது. இங்க உங்க பைலால இருக்கான்னுதான் பாக்கணும், இல்லன்னா கேக்கற உரிமை இல்ல. ஆனா ஒண்ணு, ஒருத்தர் இருந்த வீட்டுல மூணு பேர் வர்றாங்க, கோடைல லாரி தண்ணி வாங்குற பில்டிங்னா தண்ணி செலவ ஆள் கணக்குல பிரிக்கலாம்னு சொன்னா அதுல ஞாயம் இருக்கு, அந்த கணக்கு ஓனர் வீட்டுல ஆறு பேர் இருந்தாலும் பொருந்தணும், அவ்வளவுதான்.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. சில வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழம ஒரு அப்பார்ட்மென்ட்டுக்கு போயிருந்தேன். ஓனர் வெளிநாட்டுல, எட்டு மாச மெயின்டனன்ஸ் பாக்கி. கமிட்டிக்காரங்க மொட்ட மாடிக்கு போய் அந்த மூணாவது மாடி வீட்டுக்கு போற கேட் வால்வ மூடிட்டு அதோட கைப்பிடியையும் கழட்டிட்டாங்க. குடியிருந்த பொண்ணுக்கு ஆறு மாச கொழந்த, மாசாமாசம் வாடகையும் மெயின்டனன்ஸும் சேத்து ஓனருக்கு அனுப்பிட்டுதான் இருந்தாங்க, அவர்தான் அசோசியேஷனுக்கு கட்டல. நான் போனப்ப அவங்க கீழ சம்ப் பக்கத்துல இருக்கிற கொழாய்ல பக்கெட்ட வெச்சுட்டு, இடுப்புல கொழந்தயோட நின்னுட்டு இருந்தாங்க, லிப்ட்லயும் டெனன்ட் பக்கெட் எடுத்துட்டு போகக்கூடாதுன்னு ஒரு பேப்பர் ஒட்டிருந்தாங்க. எனக்கு இன்னும் அந்த பக்கெட் கண்ணுல நிக்குது. பாக்கிய வசூல் பண்ண நோட்டீஸ் அனுப்பலாம், ஓனர் மேல கேஸ் போடலாம், தண்ணிய நிறுத்துறது வழி கெடையாது. நம்ம வாடகை சட்டமே ஓனரோ அவர் சார்பா நிர்வாகம் பண்றவரோ தண்ணி, கரன்ட் மாதிரி அத்தியாவசியத்த நிறுத்தக்கூடாதுன்னு சொல்லுது, நிறுத்தினா வாடகை விஷயத்துக்குன்னு அரசாங்கம் போட்டிருக்கிற அதிகாரியான ரென்ட் அத்தாரிட்டிகிட்ட போய் உடனே திரும்ப குடுக்க சொல்லி இடைக்கால உத்தரவு வாங்கலாம். இத ஏன் உங்களுக்கு சொல்றேன்னா, அன்னிக்கு தப்பு கமிட்டி பண்ணினாலும் ஆரம்பிச்சு வெச்சது ஓனர். மெயின்டனன்ஸ அந்த பொண்ணுங்ககிட்ட வாங்கிக்கோங்க இல்ல வாடகைலயே சேத்துக்கோங்க, அசோசியேஷன் அக்கவுன்ட்டுக்கு உங்க பேங்க்லேர்ந்து மாசாமாசம் தானா போற மாதிரி போட்டுட்டு ஊருக்கு கெளம்புங்க.

பார்க்கிங்: ஸ்டில்ட் பார்க்கிங்க, அதாவது பில்டிங்குக்கு அடில தூணுங்களுக்கு நடுவுல இருக்கிற பார்க்கிங்க, பில்டர் தனியா வித்துட முடியாது, அது சேந்த பகுதின்னு 2010ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. உங்களுக்குன்னு ஒதுக்கின எடத்த உங்க வீட்டுல குடியிருக்கறவங்க பயன்படுத்தலாம், மூணு ஸ்கூட்டி நிக்கட்டும். ஆனா அந்த எடத்த மட்டும் வெளியாளுக்கு தனியா வாடகைக்கு விடுற யோசனை வந்தா வேணாம்.

இனி எதிர் வீட்டு சார் சொன்ன 11 மாசம். அவர் சொல்றது ஒரு காலத்துல சரி. ஒரு வருஷத்துக்கு மேல போற லீஸ சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிவு பண்ணணும், அத தவிர்க்கத்தான் எல்லாரும் 11 மாசம்னு போட ஆரம்பிச்சாங்க. ஆனா 1960 வாடகை கட்டுப்பாட்டு சட்டத்த எடுத்துட்டு 2017ல கொண்டுவந்த புது சட்டம் 2019 பிப்ரவரி 22லேர்ந்து அமலுக்கு வந்துடுச்சு. அதுபடி எத்தன மாசமா இருந்தாலும் அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், ரென்ட் அத்தாரிட்டிகிட்ட பதிவு பண்ணணும். சப் ரிஜிஸ்ட்ரார் பதிவு வேற, இது வேற. அரசாங்கத்தோட டெனன்சி போர்ட்டல்லயே அக்ரிமென்ட், அடையாள அட்டையெல்லாம் ஏத்தி பதிவு நம்பர் வாங்கிடலாம், கோயமுத்தூர்ல உக்காந்துகிட்டு பொண்ணே பண்ணிடுவா. இது இல்லாம நாளைக்கு சிறு வழக்குகள் கோர்ட்டுல போய் நின்னீங்கன்னா வாடகை பாக்கிய பேசறதுக்கு முன்னாடி உங்க பேப்பர் செல்லுமான்னு பேச்சு போயிடும்.

அட்வான்ஸ் நம்ம ஊர்ல பத்து மாசம்னு ஒரு பழக்கம். சட்டம் வெச்சிருக்கிற அளவு 3 மாச வாடகை, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு வேற மாதிரி எழுதினா ஒழிய. உங்க கணக்குல 66,000. மூணுல நின்னுடுங்கன்னுதான் சொல்வேன், பெரிய தொகை வாங்கி செலவாயிட்டா காலி பண்ற அன்னிக்கு உங்களுக்குதான் கஷ்டம். அப்புறம் காலி பண்ணும்போது பெயின்ட்டிங்க்குன்னு ஒரு மாச வாடகைய பிடிச்சுக்கறது இங்க எல்லாரும் செய்யறது, ஆனா சட்டத்தோட அட்டவணைல செவுத்துக்கு வெள்ளை அடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பைப் மாத்தறது, வயரிங் இதெல்லாம் ஓனர் வேலைன்னுதான் போட்டிருக்கு. கொழாய் வாஷர், ஸ்விட்ச், கீஸர் ரிப்பேர், டிரெய்ன் அடைப்பு எடுக்கறது டெனன்ட் வேலை. அக்ரிமென்ட்ல இத தெளிவா எழுதிட்டா பின்னாடி மனஸ்தாபம் வராது.

அக்ரிமென்ட்ல மூணு பொண்ணுங்க பேரும் போட்டு மூணு பேரும் கையெழுத்து போடட்டும், முழு வாடகைக்கும் மூணு பேரும் சேந்து பொறுப்புன்னு எழுதுங்க. ஒருத்தி வேலை மாறி போயிட்டா அடுத்து வர்றவள உங்க எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாம சேக்கக்கூடாதுன்னும் ஒரு வரி வேணும். இது ஏன் முக்கியம்னா, யாராவது ஒருத்தர் வீட்ட மொத்தமா எடுத்து கட்டிலுக்கு இவ்வளவுன்னு ஆள் மாத்தி மாத்தி போட்டா அது வாடகை வீடு இல்ல, லேடீஸ் ஹாஸ்டல். அதுக்கு 2014 சட்டப்படி லைசென்ஸ் வேணும், அப்ப அசோசியேஷன் கேட்டா அவங்க பக்கம்தான் ஞாயம். மூணு பேர் சேந்து ஒரு வீடு எடுத்து இருக்கறது அப்படி கெடையாது, செக்ரட்டரிக்கு இந்த வித்தியாசத்த அமைதியா சொல்லுங்க, ஒருவேளை அவரோட பயமே அதுவா கூட இருக்கலாம்.

பைலா காப்பி ஒண்ண அக்ரிமென்ட் கூட சேத்து வெச்சு, படிச்சோம் கட்டுப்படுறோம்னு அவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. போலீஸ் ஸ்டேஷன்ல டெனன்ட் விவரம் குடுக்கறது 2012லேர்ந்தே சென்னைல கேக்கற விஷயம், போட்டோ, ஆதார் காப்பியோட பாரத்த குடுத்துட்டு ரசீது வாங்கி அதோட ஒரு நகல அசோசியேஷனுக்கும் குடுத்துடுங்க. ஜெனரல் பாடில ஓட்டு டெனன்ட்டுக்கு கெடையாது, உங்களுக்குதான், அதனால குரூப்லேர்ந்து வெளியேறிடாதீங்க, மீட்டிங் நோட்டீஸ் வர்ற மாதிரி கோயமுத்தூர் அட்ரஸ எழுதி குடுங்க.

செக்ரட்டரிய நேர்ல ஒரு தடவ பாருங்க, குரூப்ல பதில் எழுதாதீங்க. அந்த மூணு பொண்ணுங்களையும் கூட்டிட்டு போங்க. பதினாறு வருஷமா உங்கள தெரிஞ்சவர், பொண்ணுங்க முகத்த பாத்து ரெண்டு வார்த்த பேசினா பாதி இறங்கி வருவார். அதுக்கு மேலயும் சாமான உள்ள விட மாட்டேன்னா அப்ப ஒரு வக்கீல் நோட்டீஸ், அதுக்கு நான் எழுதித்தர்றேன். சாவி குடுக்கற அன்னிக்கு ஈபி மீட்டர் ரீடிங்க போட்டோ எடுத்துக்கோங்க, ரெண்டு மாச பில்லுல யார் பங்கு எவ்வளவுன்னு பிரிக்க அது வேணும், பாத்ரூம் செவுறு, கிச்சன் மேடை, கதவு எல்லாத்தையும் ஒரு வீடியோவா எடுத்து அவங்களுக்கும் அனுப்பிடுங்க.